தகட்டில் பூத்த நீலம்

புளியைக் கரைத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, என் மனைவி சுபைறா தகட்டுக்காகக் கை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து ஆய்வுகூடத்திலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கிணற்றடியில் குந்தியிருந்தேன்.

சூறாவளியில் முறிந்த தென்னையின் அடிக்கட்டையைத் தோண்டியபோது, உக்கிய வேர்களுக்கு நடுவே கிடைத்த செப்புத் தகடு அது. உள்ளங்கையளவு இருக்கும். மை போட்டுப் பார்ப்பவர் சொன்ன அதே இடம்.

பிறந்து தங்காத எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்தச் செய்வினைதான் காரணம் என்று அவர் சொல்லியிருந்தார். செய்வித்தவரின் பெயர் தகட்டில் கீறியிருக்கும், புளியில் கழுவினால் தெரியும் என்றும் சொன்னார்.

அவர் யார் பெயரையும் சொல்லவில்லை. ஊர் சொல்லிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

வேலியின் திறந்த இடத்தில் ஹப்ஸா மயினி நின்றுகொண்டிருந்தார், சுபைறாவின் ராத்தா. அவர்களுடைய உம்மா வளவை இரண்டாகப் பிரித்து, மகள்மார் இருவருக்கும் சீதன வீடு கட்டியபோது கிணறு எங்கள் பக்கம் விழுந்தது. மயினி தண்ணீர் அள்ள வருவதற்கு விட்ட வழி அது.

தகட்டில் அவர் பெயர் இருந்தால் அந்த வழியை அடைக்கத் தென்னோலைக் கிடுகும் கயிறும் தயாராக இருந்தன. அக்கா தங்கை உறவு அன்றோடு முடிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் நான் வாயைப் பிளந்து பூஞ்சணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞான வாத்தியாருக்கு வேறென்ன வேலை!

அது தகட்டின் மேல் வெள்ளையாக, நூல் நூலாக ஓடியிருந்தது. ஒவ்வொரு நூலைச் சுற்றியும் சீனியைத் தூவியது போலப் பளிங்குகள். வெளிறிய நீலம். சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

செம்பு பூஞ்சணத்துக்கு நஞ்சு. ஓடித் தப்ப அதற்குக் காலில்லை. தன் உடம்பிலிருந்து ஒரு புளிப்பைக் கசியவிட்டு, கரைந்து வரும் செம்பை அதோடு சேர்த்துக் கட்டிப் பளிங்காக்கிவிடுகிறது. பிறகு அந்த நஞ்சால் அதற்குத் தொல்லையில்லை. புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்ததை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் சுபைறாவிடம் கொட்டினேன். “புளியில போட்டா எல்லாம் கரைஞ்சி போயிரும். ஒருக்காப் பாரு புள்ள.”

அவள் தகட்டையும் கைவில்லையையும் வாங்கினாள். வெளிச்சம் தேடித் திரும்பி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றாள். முழங்கை மட்டும் இரண்டொரு முறை அசைந்தது.

பிறகு வேலிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: “இதுல எழுத்து ஒண்டுமில்ல மச்சான், எல்லாத்தையும் பூஞ்சணம் திண்டுட்டு. ராத்தா, ஏன் அங்கயே நிக்கிறீங்க? புள்ளயத் தூக்கிட்டு வாங்க, மீனாணம் காச்சப் போறன்.”

மயினி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். வீண்பழி நீங்கிய அழுகை என்று நினைத்தேன். சுபைறா போய்க் கையைப் பிடித்து எழுப்பினாள். கரைத்த புளி மீன்குழம்புச் சட்டிக்குள் போனது. கிடுகு அடுப்புக்குள் போனது.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பூஞ்சணம் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதே! தகட்டை வகுப்பில் காட்ட ஆசைப்பட்டேன். சுபைறா விடவில்லை, எடுத்த இடத்திலேயே புதைத்துவிடச் சொன்னாள்.

குழியில் வைக்கும்போதுதான் அதைப் புரட்டினேன். நீலத்தில் மயங்கிக் கிடந்த நான், அதுவரை அடிப்பக்கத்தைப் பார்க்கவேயில்லை.

அங்கே பூஞ்சணம் ஏறவில்லை. அப்பியிருந்த களிமண்ணை யாரோ துணியால் தேய்த்துத் துடைத்திருந்தார்கள். கீறல்களுக்கு நடுவே ஹப்ஸா என்ற பெயர் தெளிவாகத் தெரிந்தது.

பளிங்குப் பக்கம் மேலே வரும்படி வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்தேன்.

குசினிக்குள் சுபைறா ராத்தாவின் பிள்ளையை மடியில் இருத்திச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் முந்தானை நுனியில் பச்சை கலந்த மண்கறை.

வாசலில் நின்று அவளைப் பார்த்தேன். கைவில்லை தேவைப்படவில்லை.