தேதி மட்டும் காலி

வில்லியனூரில் பேனர் கடை வைத்திருக்கும் வினோதினி, கண்ணீர் அஞ்சலிக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்கள் இப்படிச் சண்டை போட்டு ஒருநாளும் பார்த்ததில்லை.

“‘பைக் ரேஸ் மாவீரன்’னு போடுக்கா,” என்றான் விஜயராஜ்.

“மாவீரன்லாம் இன்னாத்துக்குடா? ‘அன்பு நண்பன்’ போதும்,” என்றான் உடன் வந்தவன்.

கொடுத்த போட்டோவில் ஹெல்மெட்தான் இருந்தது, முகம் இல்லை.

“வேற போட்டோ இல்லியாப்பா?”

“ஹெல்மெட் போட்டாதான்க்கா அவன் பாக்கற மாதிரி இருப்பான்.”

உடன் வந்தவன் முறைத்தான்.

வினோதினி கீபோர்டை இழுத்துக்கொண்டாள். “என்னிக்கு தவறிட்டாரு?”

“தேதிய காலியா வுடுக்கா.”

பேனரைக் கம்ப்யூட்டரில் செய்து காட்டினாள். “பேரு சரியான்னு பாத்து, அவர் சார்பா ஒருத்தர் கையெழுத்து போடுங்க.”

உடன் வந்தவன் ‘கதிரவன்’ என்று போட்டான். பேனரிலும் அதே கதிரவன்தான். வினோதினி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள்.

“பயப்படாதக்கா,” என்றான் கதிரவன். “ஞாயித்துக்கெழம ரேஸு. பேனர் அடிச்சு வச்சிட்டுப் போனா ஆளு முழுசா திரும்பிடுவான். போன வருஷம் வேணாம்னு சிரிச்ச எங்க நவீன்குமார் திரும்பல.”

அவள் விஜயராஜைப் பார்த்தாள். “அப்ப உனக்கு?”

“எனக்கும் போடு. இவனோடத வுட ஒரு அடி பெருசா.”

“இதுலயும் முந்துறான் பாருக்கா!”

“எப்ப வாங்கிக்குவீங்க?”

“திங்கக்கெழம,” என்றான் விஜயராஜ். “ரெண்டு பேரும் வந்தா ரெண்டையும் கிழிச்சுப் போட்டுடு. ஒருத்தன் மட்டும் வந்தா, மத்தவனோடதுல ஞாயித்துக்கெழம தேதிய போட்டுக் குடு.”