கங்காணி வீட்டுக் குழவி

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் மருதப்ப கங்காணி, மருமகள் சின்னத்தாயி, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ராகவன், கல் பார்க்கும் துரை, துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரர்; வேறு யாருமில்லை. பழைய எரிமலை விட்டுப்போன செம்பு இந்தத் தேயிலைச் சரிவின் ஆழத்தில் இருக்கிறதா என்று துரை துளை போட்டுப் பார்க்கிறார். மேலே வரும் உருளைக் கற்களை ஆழ வரிசையில் பெட்டியில் அடுக்குகிறார். அதில் செம்புத்தாது மஞ்சளாய் மின்னிய ஒன்றைக் காணோம். யாரோ அதைக் காட்டிலுள்ள கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிட்டதாகப் போலீஸுக்குச் சந்தேகம். "எங்க லயத்துல யாருக்கும் கை நீளாது தொரை," என்று கங்காணி இப்போதுதான் தலைப்பாகையைத் தொட்டுச் சத்தியம் செய்திருக்கிறார். பனி விலகி, ஈரத் தேயிலைமேல் வெயில் விழுகிறது. சமையலறைக்குள் போய்த் திரும்பிய சின்னத்தாயி நீட்டும் கல்லில் மிளகாய் விழுது சொட்டுகிறது. "கொழவி ஒடஞ்சிருச்சு மாமா. வெறுங்கல்லுதானேன்னு எடுத்தேன்லா." கிராணி சிரிக்கிறார்: "செம்புச் சம்பலா கங்காணி? அதான் வாசம் ஆபீஸ் வரைக்கும் தூக்குது!" கங்காணி தலைப்பாகையை அவிழ்க்கிறார். அந்த வெள்ளைத் துணியாலேயே கல்லைத் துடைக்கிறார். சிவப்பு துணியில் இறங்க இறங்க, கல்லில் மஞ்சள் மினுக்கம் தெளிகிறது. துரை வாங்கிப் பெட்டியில் வைக்கிறார். குனிந்த கங்காணி நிமிரவில்லை. மருதப்பன் வீட்டில் தங்கம் பிடிபட்டதாக ரிங்லெட் ஊர்க் கடைகளில் பேசிக்கொள்கிறார்கள். தங்கமில்லை. மிளகாய் அரைத்த கல்.