ஓசை குறையாத பாட்டு

“யக்கா, அந்தப் பாட்டை இன்னொரு தடவ பாடுங்க, புண்ணியமாப் போகும்!”

மலையடிவாரத்துக் கம்பம் ஊரில் ஜீப்பை டீக்கடை ஓரம் நிறுத்தியதும் பாண்டீஸ்வரன் பின்பக்கம் ஓடி வந்தான். பி.ஏ. தமிழ் படித்தவன். ஏலக்காய்த் தோட்டத்துப் பெண்களை ஏற்றிவர இன்றுதான் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்திருக்கிறான்.

“மேல யானை நடமாட்டம். இருட்டுமுன்ன எல்லாரையும் பத்திரமா எறக்குனாத்தான் நாளைக்கும் வண்டி உனக்கு” என்று முதலாளி ஞானதுரை காலையிலேயே சொல்லியிருந்தார். கொட்டும் மழையிலும் அத்தனை வளைவும் தாண்டி வந்துவிட்டான். அவனை ஆட்டிவைத்தது பாட்டுதான்.

ராக்கம்மாள் தார்ப்பாயை விலக்கி இறங்கினாள். “பாட்டா? வண்டி கெளம்பயில தெனமும் கத்துறதுதான் தம்பி.”

“கத்துறதா! ‘மேட்டு மேல மயிலே, வந்தியாடி? கூட்டுக்குள்ள குயிலே, வந்தியாடி? காட்டுக்குள்ள காடையே, வந்தியாடி?’ மேட்டு, கூட்டு, காட்டு... எதுகை எப்படி விழுகுது! கூட்டுக்குக் குயிலு, காட்டுக்குக் காடை... மோனை! ஒவ்வொரு அடிக்கும் ஒருத்தி ‘வந்தேன் ஆத்தா வந்தேன்’னு திருப்பிச் சொல்றா பாருங்க, அங்கனதான் உசுரே இருக்கு!”

“ஏலே, நீ டிரைவரா வாத்தியாரா?” இடுப்பைப் பிடித்தபடி இறங்கிய ஜெபராணி சிரித்தாள்.

“காடை அடியில மட்டும் ஓசை ஒரு நொடி ஒடிஞ்சு நின்னுச்சு. அப்பறம் சேந்துக்கிருச்சு” என்று அவன் கண்ணைச் சிமிட்டினான்.

அதற்குள் பைக்கை ஓரங்கட்டிவிட்டு மலைச்சாமி வந்தான். “யக்கா, எங்க என் வீட்டுக்காரி?”

“உமாதேவியா? உள்ள இருப்பா.”

மலைச்சாமி தார்ப்பாயைத் தூக்கினான். உள்ளே ஈர சீட்டு மட்டும் இருந்தது.

ராக்கம்மாள் நெஞ்சில் கைவைத்தாள். “அய்யய்யோ! தார்ப்பாய்க்குள்ள மொகம் தெரியாதுன்னுதானே ஆளுக்கொரு பறவை வச்சுப் பாடுறோம். காடைன்னா உமா. பதில் சொன்னாளே... என் காதால கேட்டேனே!”

மலை மேல் இருட்டிக்கொண்டு வந்தது. பாண்டீஸ்வரன் தாவி ஏறி ஜீப்பைத் திருப்பினான்.

“அடி ஒடிஞ்சு நிக்கவும் மனசு பொறுக்கலக்கா... பொம்பளக் குரல்ல நான்தான் நெரப்புனேன்.”