உள்பக்க வெல்டிங்

கம்பத்தில் ஏலத்தோட்ட ஜீப்புகளுக்குக் காற்றடிக்கும் கடை ரஃபியுடையது. காற்று டாங்கின் உட்புறத்தைச் சோதிக்க இரண்டு துளைகள் உண்டு, இரண்டு விரல் அகலத்தில். ஒன்று கசிந்ததால், போன வருடம் வெல்டர் ஒச்சாண்டி அதை வெளியிலிருந்து அடைத்துவிட்டார்.

சோதனைக்கு வந்த அதிகாரி மற்ற துளையின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்பக்கமும் வெல்டிங் ஓடியிருக்கே. யாரு உள்ள போனது?"

"எலிகூட நுழையாது சார்," என்ற ஒச்சாண்டி, ரஃபி கூப்பிட்டு வந்திருந்தவர், தானும் குனிந்து பார்த்தார். "இது என் கை இல்ல. என்னையவிட நல்லா ஓட்டியிருக்கு."

"ரெண்டு துளையும் தொறந்தாத்தான் சர்டிபிகேட். இல்லைனா நாளைக்குக் கடைக்கு சீல்."

மாலைக்குள் ஒச்சாண்டி அடைப்பை வெட்டி எடுத்தார். உள்ளே துரு மட்டும் இருந்தது. ரஃபி இரண்டு துளைகளுக்கும் மூடி மாட்டி, கடையைப் பூட்டிவிட்டுப் போனான். அப்போது போன கரண்ட் விடிந்தும் வரவில்லை.

காலையில் அதிகாரியின் முன்னால் ரஃபி ஸ்பேனரைப் போட்டுத் திருகினான். இரண்டு மூடிகளும் அசையவில்லை.

"ஒச்சாண்டிண்ணே, நீங்க பாருங்க."

ஒச்சாண்டி மூடியில் கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"சுடுது," என்றார்.