ஸ்ரீவைகுண்டத்தில் மணி அடித்தது

பேராசிரியர் சாக்கட்டியைக் கையில் எடுத்தார்.

கடைசி பெஞ்சில் மூன்று பேர். புவியியல் பட்டப்படிப்பின் தரத்தை அளக்க வந்த குழு. மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு முதல் இந்தப் படிப்பே கிடையாது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று அவருடைய வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

காலைக் கூட்டத்தில் கேட்டிருந்தார்கள், ஒரு படிப்பு நன்றாக நடக்கிறது என்பதை எதை வைத்துச் சொல்வீர்கள் என்று. தேர்ச்சி விகிதம் என்றார் ஒருவர். வேலைவாய்ப்பு என்றார் இன்னொருவர். அவருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"மணி அடிச்ச பெறகும் எத்தனை பேரு எந்திரிக்காம இருக்காங்கன்னு பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். குழுவில் இருந்த நரைத்த தலை அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை.

அது அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. மாணவனாக இருந்தபோது ஜம்புநாதன் சார் வகுப்பில் கண்டது. இதே அறை. சார் பலகையில் பொதிகை மலை இருக்கும் இடத்தில் சாக்கட்டியை ஊன்றினால் கையை எடுக்காமல் தாமிரபரணியை இழுத்துக்கொண்டே போவார். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கதை, சீவலப்பேரியில் ஒரு கதை. ஸ்ரீவைகுண்டம் வரும்போது மணி அடித்துவிடும். கேன்டீனில் உளுந்தவடை தீர்ந்துபோகும். ஒருத்தனும் அசையமாட்டான். ஆறு கடலுக்குப் போய்ச் சேர வேண்டுமே!

என்ன காலம் அது. இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இன்று அவரும் பொதிகையில் ஊன்றினார்.

ஸ்ரீவைகுண்டத்தில் மணி அடித்தது.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பலகையைப் பார்த்தபடியே நின்றார். துறைத்தலைவி குழுவை அழைத்துக்கொண்டு வெளியேறும் காலடிச் சத்தம் கேட்டது.

"சார், போலாமா?" என்றாள் முன் பெஞ்சுப் பெண். "அவங்க போற வரைக்கும் எந்திரிக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிருந்தாங்க."

அப்படியா சேதி.

சிரிப்புதான் வந்தது. வலிக்கவும் செய்தது.

"போங்க, போங்க. வடை தீந்துரப் போவுது."

வகுப்பு காலியானது.

ஆற்றையே நட்டாற்றில் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. ஆத்தூரைத் தாண்டி, புன்னைக்காயல் வரை கொண்டுபோய்க் கடலில் சேர்த்தார். கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

கடைசி பெஞ்சில் அந்த நரைத்த தலை அம்மாள் உட்கார்ந்திருந்தார். கோப்பு மூடிக் கிடந்தது.

மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.