மூன்றாவது அபிப்பிராயம்

நாவுல நகர வாசிகசாலையில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் கடைசித் தாளில் அபிப்பிராயம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். 1990இல் புதிதாக வாங்கிய பேய்க்கதைத் தொகுப்பில் மஸூதா டீச்சர், "மூன்று நாள் நித்திரையே இல்லை" என்று எழுதியிருந்தார். தபால்காரர் பலீல் அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்கெல்லாமா பயப்படுற? சின்னப் புள்ளயும் சிரிக்கும்" என்றார். அதையே எழுதியும் வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் வாசிக்கத் தெரியாது" என்று நூலகர் புஷ்பவதி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது.

மறுநாள் திறந்தபோது மூன்றாவதாக ஓர் அபிப்பிராயம் இருந்தது. முந்தின வருஷம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகப்பட்டு, பிறகு திரும்பி வராத அவளுடைய தம்பி முத்துலிங்கத்தின் சாய்ந்த எழுத்து. கீழே அவன் கையெழுத்து.

"கதை எழுதினவனுக்கு ஒரு மண்ணும் தெரியல. இங்க இருட்டே இல்ல."