மாப்பிள்ளைக் கல்

பொக்லைன் உறுமலைக் குறைத்துக்கொண்டு கற்குவியலை நெருங்கியது. ஓட்டுவது என் மனைவி.

காலையிலிருந்து என்னோடு பேச்சு கிடையாது. இன்றைக்கு வேண்டாம், மழை ஈரம் காயட்டும் என்று சொன்னதுதான் நான் செய்த பாவம்.

மலைச்சாலையை மூடிக் கிடக்கும் கல்லுக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நிற்கிறது. உள்ளே, டயாலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவர். அவரை அங்கே விட்டுவிட்டு ஈரம் காயக் காத்திருக்கிறவளா இவள்?

சரிவில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர்ந்து கிடக்கும் இந்தக் கல்லைப் பொறியாளர் பாறைச்சிதறல் என்பார். சாலைப்பணி ஆட்கள் எல்லோருக்கும் அது 'மாப்பிள்ளை'. சும்மா உட்கார்ந்திருக்கும். எதற்கென்றே தெரியாமல் கோபித்துக்கொண்டு கிளம்பும். கிளம்பினால் தனியாக வராது, மொத்தக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

பெயர் வைத்த புண்ணியவதி இவள்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் குவியலின் நடுவயிற்றில் பக்கெட்டைச் செருகுவார்கள். ஒரே அள்ளில் பாதியை முடித்துவிடும் ஆசை. அடியை அள்ளினால் மேலே நிற்பது சும்மா இருக்குமா?

இவள் ஓரத்தில்தான் தொடுவாள். பக்கெட்டின் ஒரு பல் மட்டும் கல்லில் உரசும். கொஞ்சம் அள்ளுவாள். நிறுத்துவாள். பொடிக்கல் சரசரவென்று உருண்டு அடங்கும். மறுபடி கொஞ்சம். தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியிலிருந்து கையை உருவுகிற மாதிரி.

அடேயப்பா, என்ன கை! என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. விசில்காரர் மலையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வண்டியில் இருப்பவர் விசிலை ஏன் என்று கேட்கக் கூடாது.

மேலே, ஆள் உயரக் கல் ஒன்று லேசாக அசைந்தது.

விசில்.

அடுத்த நொடி பொக்லைன் பின்னால் போய்விட்டது. அது நின்ற இடத்தில் கல் வந்து விழுந்து இரண்டாகப் பிளந்தது. உருளல் அடங்கியதும் அதே ஓரம், அதே ஒற்றைப் பல்.

அவள் இன்ஜின் ஒரு தரம்கூடத் திணறவில்லை.

உச்சி வெயிலில் வழி திறந்தது. ஆம்புலன்ஸ் அவளுக்காக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

இறங்கி வந்தாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். பாதியைக் குடித்துவிட்டு, ஒருவழியாகப் பேசினாள்.

"எப்படி ஓட்டினேன், பாத்தீங்களா?"

பல்லில் கடித்திருந்த விசிலை அப்போதுதான் எடுத்தேன். காலையிலிருந்து அவளுக்கு முதுகைக் காட்டி நின்றவன் நான். ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. எல்லாம் காதால் கேட்டதுதான்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"தெரியும்," என்றாள். "அந்தத் தைரியத்துலதான் நானும் மேல பாக்கலை."